அடகுச் சீட்டும் அப்பர் பாட்டும்

தங்கச்சிமடம்,
தடைக்காலத்தின் நான்காம் வாரம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். நீ கடைசிப் பத்தியில் கேட்டிருந்த கேள்வி பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டது. மதினிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பதும், பேரன் பள்ளிக்கூடம் போகும் முன்பே தேவாரம் இரண்டு சொல்லக் கற்றிருப்பதும் அறிந்து மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் நலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதாகையால் கரை முழுவதும் மராமத்தும் வண்ணப்பூச்சுமாக இருக்கிறது. வல்லம் என்னும் நாட்டுப்படகு வைத்திருப்பவர்கள் மட்டும் போய் வருகிறார்கள். ரயில் இப்போது பாம்பனில் புதுப் பாலத்தின்மேல் போகிறது. நாம் இருவரும் ஜன்னலோரம் இடம் பிடிக்கச் சண்டையிட்ட அந்த 1914ஆம் ஆண்டுப் பாலத்தின் தடதடப்பு அதில் இல்லை.

இனி உன் கேள்வி. 'கிறிஸ்து விடுதலை தந்தார் என்கிறீர்களே, எதிலிருந்து? பத்துக் கட்டளை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைக் கடமை இருக்கிறது, குருவிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, போதாக்குறைக்கு ஆண்டவரின் அடிமை என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். எங்கள் அப்பர் "நாமார்க்கும் குடியல்லோம், நமனை அஞ்சோம்" என்று நிமிர்ந்து நின்று சொன்னதுபோல் ஒரு சொல் உங்களிடம் உண்டா?' என்று கேட்டிருக்கிறாய். ஐம்பது ஆண்டு நட்பில் இதை நீ இப்போதுதான் கேட்கிறாய் என்பதே எனக்கு வியப்பு. பயிற்சிப் பள்ளி விடுதி அறையில், நான் செபமாலை சொல்லும்போது நீ விளக்கைத் தணித்துவிட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாய். மரியாதை கருதித்தான் கேட்காமல் இருந்தாய் போலும்.

என் தந்தையாரின் கதையிலிருந்து தொடங்குவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது எனக்குப் பத்து வயது என்பதும், நாங்கள் உடுத்திய துணியோடு தங்கச்சிமடத்துக்கு வந்தவர்கள் என்பதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. வல்லமும் வலையும் போன கையோடு அப்பா ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் வாங்கியவன் பிடிக்கிற மீனையெல்லாம் அந்த வியாபாரியிடமே போட வேண்டும், அவர் சொன்னதே விலை, அவர் தராசு காட்டியதே எடை. அசல் குறையாது, குறையவும் விடமாட்டார்கள். அது போதாமல், வட்டிக்காக அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. அம்மா அந்த ஆண்டுகளில் பூசைக்குப் போகும்போது முந்தானையைக் கழுத்தோடு இழுத்துச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

ஏழு ஆண்டு கழித்து, கொழும்பிலிருந்து திரும்பி வந்த என் தாய்மாமா ஒரே நாளில் இரண்டையும் தீர்த்தார். வியாபாரியின் கணக்கை முடித்து, அங்கிருந்து நேரே அடகுக் கடைக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். கடைக்காரர் சீட்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, சங்கிலியைச் சிவப்புத் தாளில் மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மாமா அதை அம்மாவின் கையில் கொடுக்க, அம்மா அதை உடனே போட்டுக்கொள்ளாமல் வெகுநேரம் மடியில் வைத்திருந்தார்கள்.

இப்போது நம் தமிழைக் கொஞ்சம் கவனி. நகையை மீட்டோம் என்கிறோம், நிலத்தை மீட்டோம் என்கிறோம். எங்கள் கோயிலில் கிறிஸ்துவை மீட்பர் என்றும் அவர் செய்ததை மீட்பு என்றும் சொல்கிறோம். திருத்தூதர் பவுல் அடிகள் எழுதிய கிரேக்கத்திலும் அந்தச் சொல்லுக்கு விலை கொடுத்து விடுவித்தல் என்பதே பொருள். சிறுவனாக ஆயிரம் முறை சொன்ன அந்தச் சொல்லின் எடை, அந்தச் சிவப்புத் தாளைப் பார்த்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மீட்ட நகை யாருமற்றதாகித் தெருவில் கிடப்பதில்லை, அது உடையவளின் கழுத்துக்குத் திரும்புகிறது. அடகுக் கடைக்காரரின் பெட்டியிலும் அது கட்டுண்டுதான் கிடந்தது, அம்மாவின் கழுத்திலும் கொக்கி மாட்டித்தான் கிடந்தது. ஆனாலும் இரண்டும் ஒன்றென்று யாராவது சொல்வார்களா? நாங்கள் சொல்லும் விடுதலை முழுவதும் எனக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

எபிரேயர் எகிப்தைவிட்டுப் புறப்பட்ட கதையிலும் இதுவே வருகிறது. மோசே பார்வோனிடம் போய் என் மக்களை விட்டுவிடு என்று மட்டும் சொல்லவில்லை, அவர்கள் எனக்கு ஆராதனை செய்யும்படி விட்டுவிடு என்று ஆண்டவர் சொல்கிறார் என்றே சொன்னார். எபிரேய மொழியில் அடிமை வேலைக்கும் இறைவழிபாட்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றே. பார்வோனுக்குச் செங்கல் அறுத்ததும் அந்த வினைதான், மலையடியில் பலி செலுத்தியதும் அந்த வினைதான். யாருக்கு என்பதில்தான் வேறுபாடு. கிரேக்கத்தில் டெல்பி என்னும் ஊரில் அப்போலோ கோயில் ஒன்று இருந்தது. அதன் சுவர்களில் கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் நிறைய உள்ளன. ஒரு முதலாளி தன் அடிமையை இத்தனை காசுக்கு அப்போலோ தெய்வத்துக்கு விற்றுவிட்டான், இனி அவன் எவருக்கும் அடிமையல்லன் என்று அவை சொல்லும். காசு பெரும்பாலும் அந்த அடிமையே சேர்த்து வைத்ததுதான். ஆனாலும் பத்திரத்தில் வாங்கியவர் தெய்வம். பவுல் கொரிந்து நகரத்தாருக்கு 'விலை கொடுத்து வாங்கப்பட்டீர்கள், மனிதருக்கு அடிமைகளாகாதீர்கள்' என்று எழுதியபோது இந்த வழக்கத்தை மனத்தில் வைத்திருந்தாரோ இல்லையோ, கொரிந்து டெல்பியிலிருந்து வளைகுடாவைக் கடந்தால் எட்டும் ஊர். படித்தவர்களுக்கு அது விளங்கியிருக்கும்.

உன் அப்பருக்கு வருகிறேன். நீ முதல் அடியோடு நிறுத்திவிட்டாய். வாத்தியார் வேலை பார்த்தவன் இப்படிப் பாதிச் செய்யுளை எடுத்துக்காட்டலாமா? நான் உன் பக்கத்துக் கட்டிலில் படுத்தபடி அந்தத் தாண்டகத்தை நூறு விடியலில் கேட்டவன். எவர்க்கும் குடியல்லாத தன்மையுடைய சங்கரனைச் சொல்லி, 'கோமாற்கே நாம் என்றும் மீளா ஆளாய்' என்றல்லவா அது முடிவை நோக்கிப் போகிறது? பல்லவ மன்னனின் ஆணைக்கு அஞ்சாமல் நின்றவர், எதைக் கொண்டு அஞ்சாமல் நின்றேன் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார். ஒருவருக்கு மீளா ஆள் ஆனதனால் வேறு எவர்க்கும் குடியல்லர். மீட்பு என்ற சொல்லும் மீளா என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை என்பதை எண்ணி, சென்ற வாரம் ஒரு நாள் தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவன் அடகிலிருந்து மீள்கிறான், மீண்ட பின் மீளா ஆளாகிறான். உன் சமயமும் என் சமயமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. சிலுவையில் ஒருவர் தம் உயிரையே விலையாகக் கொடுத்தார் என்று நான் நம்புவதை நீ அப்படியே ஏற்கமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீ கேட்ட கேள்விக்கு உன் அப்பரே பாதி விடை சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் அதற்கு இணையான சொல் உண்டா என்று கேட்டாயே, உண்டு. ஆனால் அதைச் சொன்னவரைப் பற்றி எங்கள் பழைய உபதேசியார் நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துச் சீர்திருத்தம் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1520இல் கிறிஸ்தவனின் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய சிறு நூலின் தொடக்கத்தில், கிறிஸ்தவன் எல்லாவற்றுக்கும் மேலான சுதந்திரன், எவருக்கும் கட்டுப்பட்டவனல்லன் என்று ஒரு வாக்கியத்தையும், கிறிஸ்தவன் எல்லோருக்கும் ஊழியன், எல்லோருக்கும் கட்டுப்பட்டவன் என்று அடுத்த வாக்கியத்தையும் வைக்கிறார். முரண்படும் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். கத்தோலிக்கனான நான் அவரோடு பல இடங்களில் ஒத்துப்போகமாட்டேன், இந்த இடத்தில் தலை வணங்குகிறேன். அவருக்கு முன்னோடி பவுலே. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில், 'சகோதரரே, நீங்கள் சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டீர்கள்; இந்தச் சுயாதீனத்தை நீங்கள் மாம்சத்திற்கேதுவாக அநுசரியாமல், அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்' என்கிறார். பழைய மொழிபெயர்ப்பு சுயாதீனம் என்றதை எங்கள் புதிய மொழிபெயர்ப்பு உரிமை வாழ்வு என்கிறது. எனக்கு இந்தப் புதிய சொல் பிடித்திருக்கிறது. பிள்ளைக்குத் தந்தை வீட்டில் உள்ள உரிமை வேறு, வேலைக்காரன் சம்பளத்தால் பெறும் இடம் வேறு. கடமை தவறினால் கடவுள் கணக்குப் பார்த்து விரட்டிவிடுவார் என்று நடுங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவன் இன்னும் முன்பணம் வாங்கிய மீனவன்தான். இப்படித்தான் நானும் நாற்பது வயது வரை போனேன்.

அந்த நடுக்கம் ஏன் எளிதில் விடுவதில்லை என்பதற்கும் அப்பாவே சாட்சி. கணக்கு முடிந்து மூன்று மாதம் ஆன பிறகும் அவர் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு அதே வியாபாரியின் கொட்டகைக்குத்தான் போனார். ஏன் என்று மாமா சத்தம் போட்டபோது, கால் பழகிப்போயிற்று என்றார். எபிரேயரும் பாலைவனத்தில் இதையே செய்தார்கள். எகிப்தில் இலவசமாகத் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுதார்கள் என்று எண்ணாகமம் சொல்கிறது. பட்டியலில் முதலில் வருவது மீன் என்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் எப்போதும் சிரிப்பார்கள். சவுக்கடி மறந்துவிட்டது, மீன் மறக்கவில்லை. அதனால்தான் மீண்டும் அந்த நுகத்துக்கு உட்படாதீர்கள் என்று, ஏற்கெனவே விடுபட்டவர்களிடம் பவுல் மன்றாட வேண்டியிருந்தது. யோவான் எழுதிய நற்செய்தியில், சத்தியம் உங்களை விடுதலையாக்கும் என்று இயேசு சொன்னதற்குக் கேட்டவர்கள் என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? நாங்கள் ஆபிரகாமின் வழிவந்தவர்கள், ஒருக்காலும் எவருக்கும் அடிமையாக இருந்ததில்லை என்றார்கள். சொன்னபோது ரோமப் படை எருசலேமில் முகாமிட்டிருந்தது! கட்டப்பட்டவன் கட்டை உணராதிருப்பதே பெரிய கட்டு.

வெளி விடுதலையை நான் சிறிதாக நினைக்கிறேன் என்று எண்ணிவிடாதே. எங்கள் தெருவுப் பையன் ஒருவன் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரைச் சிறையில் சில வாரம் இருந்துவிட்டு மாசியில் திரும்பினான். அவன் தாய் வாசலில் நின்று அழுததைக் கண்டவன், ஆன்மிக விடுதலை போதும் என்று வாய் திறக்கமாட்டான். இயேசு தம் ஊர் நாசரேத்தின் தொழுகைக்கூடத்தில் ஏசாயாவின் ஏட்டை விரித்து முதலில் வாசித்ததே, சிறைப்பட்டோர் விடுதலை பெறுவர் என்னும் பகுதியைத்தான். ஆனால் அந்தப் பையன் வந்தான், படகு வரவில்லை. படகின்மேல் வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. விடுதலையானேன் மாமா, மீளவில்லை என்று என்னிடம் சொன்னான். இறையியல் படித்தவர்கள் பல பக்கங்களில் சொல்வதை அவன் மூன்று சொல்லில் சொல்லிவிட்டான்.

இதிலும் ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் விட்டால் உன்னிடம் நேர்மையாக எழுதியதாகாது. நம் விசைப்படகுகள் இழுவைமடியைப் போட்டுக் கடலடியைச் சுரண்டிக்கொண்டு போகும்போது அறுபடுவது பெரும்பாலும் அக்கரைத் தமிழ் மீனவனின் வலை. அவனும் போரில் எல்லாம் இழந்து கடன் வாங்கி வலை போட்டவன். இலங்கையில் 2017இல் இழுவைமடிக்குச் சட்டப்படி தடையும் வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் போன கடல், எங்கள் உரிமை என்று நாங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த உரிமை இன்னொருவனின் வலையை அறுத்துத்தான் நிற்கும் என்றால், அன்பினாலே ஊழியம் செய்யுங்கள் என்ற சொல் எங்கே போயிற்று? கூட்டத்தில் இதைச் சொன்னேன். பென்சன் வாங்குகிறவருக்குப் பேச்சு எளிது என்றார்கள். அதுவும் உண்மைதான்.

பிப்ரவரியில் ஓரியூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அருளானந்தர் என்று நாங்கள் அழைக்கும் ஜான் டி பிரிட்டோ என்ற போர்த்துகீசிய இயேசு சபைக் குரு அங்கே 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்டு இறந்தார். அவர் இரத்தத்தால் சிவந்ததென்று மக்கள் நம்பும் அந்த மண்ணை நான்கு நாள் கழித்தும் செருப்பில் கண்டேன். அவர் சாவைவிட அதற்கு முந்தைய ஏழு ஆண்டுதான் என்னை எப்போதும் இழுக்கிறது. 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற ஆணையோடு விடுவிக்கப்பட்டார். சபையினர் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். லிஸ்பனில் போர்த்துகல் அரசன் பேதுரு அவருடைய சிறுவயதுத் தோழன். அரண்மனையிலேயே தங்கும்படி கேட்டான். விடுதலை என்றால் விரும்பிய இடத்தில் இருப்பது என்று வைத்துக்கொண்டால் அதைவிடப் பெரிய விடுதலை எது? அவரோ 1690இல் இந்தியாவுக்குத் திரும்பி, தம்மை விரட்டிய அதே நாட்டுக்குள் நடந்து வந்தார். சாவதற்கு முந்தின நாளும் சிறையிலிருந்து தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். நமனை அஞ்சோம் என்று தமிழில் சொல்லும் ஒரு சொல்லுக்கு ஓரியூர் மண்ணில் இப்படியும் ஓர் உரை இருக்கிறது.

இருந்தாலும் அந்த வரலாற்றில் ஓர் இடம் எனக்கு உறுத்துகிறது. ஞானஸ்நானம் பெற விரும்பிய மறவர் தலைவர் தடியத் தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதி மன்னரின் உறவுப்பெண். அவள் முறையிட்டதிலிருந்துதான் அருளானந்தரின் முடிவு தொடங்கியது. பிரசங்கங்களில் அவளைப் பொல்லாதவளாகவே காட்டுவார்கள். ஒருவருடைய விடுதலைக்காக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் அவள் என்று ஒரு பிரசங்கமாவது சொல்லக் கூடாதா? அடிமை என்றும் சுயாதீனன் என்றும் இல்லை, எல்லோரும் கிறிஸ்துவுக்குள் ஒன்று என்று பவுல் எழுதியதை வாசித்துவிட்டு, சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்துக்கொண்டவர்கள் நாங்கள். ஆகவே அந்தப் பெண்ணைப் பற்றிப் பேச எங்களுக்குக் கொஞ்சம் வெட்கம் வேண்டும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் நான் விடுபட்டவனா என்று நீ கேட்பாய். கேட்க வேண்டும். விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையையே செய்கிறேன் என்று பவுல் ரோமருக்கு எழுதியது எனக்கு மனப்பாடம், அதை வாழ்ந்தும் வருகிறேன். தம்பிக்கும் எனக்கும் அப்பாவின் மனைக்கட்டில் வந்த வழக்கு உனக்குத் தெரியும். தீர்ப்பு என் பக்கம் வந்து பதினொரு ஆண்டு ஆகிறது. அன்று முதல் அவன் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் தலையை மறுபக்கம் திருப்புகிறேன். வென்றவன் நான், ஆனால் அந்தத் தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாதவனும் நான். கர்த்தர் கற்பித்த செபத்தின் பழைய மொழிபெயர்ப்பில், எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும் என்று இருக்கும். நாங்கள் பூசையில் சொல்லுவது தீமை, பாவம் என்று வரும் வேறு வடிவம். மத்தேயு எழுதிய கிரேக்கத்தில் இருப்பது கடன்தான் என்று அறிந்த நாள் முதல் அந்த வரியில் என் குரல் தணிந்துவிடுகிறது. என் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள் என்று பாடிக்கொண்டு, தம்பியின் சீட்டை மட்டும் பதினொரு ஆண்டாகப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அவன் வீட்டு வேலிவரை போனேன். உள்ளே விளக்கெரிந்தது, அவன் இருமும் சத்தம் கேட்டது. கால் பழகிய வழியிலேயே திரும்பி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மறுபடி போகலாம் என்றிருக்கிறேன். போனால் எழுதுகிறேன், போகாவிட்டாலும் எழுதுகிறேன்.

ஊருக்கு வருகிறவர்களிடம் வழக்கமாகக் கருவாடு கொடுத்தனுப்புவார்கள், உனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மதினி கேட்டிருந்த மல்லிகை நாற்று பத்து, ஈரச் சாக்கில் சுற்றி அடுத்த வாரம் கோயம்புத்தூர் வரும் மருமகனிடம் கொடுக்கிறேன். வந்த அன்றே நட்டுவிடச் சொல். பேரனுக்கு அந்தத் தாண்டகத்தைச் சொல்லிக் கொடுப்பதானால் தயவு செய்து கடைசி அடிவரை சொல்லிக் கொடு.

உன் பழைய அறைத்தோழன்.